எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மரபணு உண்டா?

"சிலருடைய உடலில் எய்ட்ஸ் தாக்காத மரபணு இருக்கிறதாமே, உண்மையா?" உயிரியல் படிக்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. செய்தித்தாள் படிக்கும் பெரியவர்களும் கேட்கிறார்கள். இதற்கு "ஆம்" என்றும் விடை சொல்லலாம். "இல்லை" என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் கேட்டவர் தவறாகப் புரிந்துகொள்வதற்கே வாய்ப்பு மிகுதி. ஆகவே, அந்தக் கேள்வியையும், அதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு அளித்த விடையையும் இங்கு எடைபோட்டுப் பார்ப்போம்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். மருத்துவம் என் துறை அன்று. ஆனால் எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஓர் அளவைச் சொன்னால், எதைக் கொண்டு அளந்தீர்கள், பிழை எவ்வளவு இருக்கலாம், மற்றொருவர் அளந்தால் அதே அளவு வருமா என்று கேட்போம். மரபணுவைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போதும் இந்த மூன்று கேள்விகள் வாசகருக்குத் துணை நிற்கும்.

சென்னையில் தொடங்கிய வரலாறு

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரிய வந்தது தமிழ்நாட்டில்தான். 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில், மாணவி செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அவை சோதிக்கப்பட்டபோது ஆறு மாதிரிகளில் தொற்று இருப்பது தெரிந்தது. "அந்த நோய் மேல்நாட்டுக்காரர்களுக்கு வருவது, நமக்கு வராது" என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. அந்த எண்ணம் பொய்யானது.

வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். "நமக்கு வராது" என்ற பழைய நம்பிக்கை "நம் மரபணு நம்மைக் காக்கும்" என்ற புதிய வேடத்தில் மீண்டும் வரக்கூடும். அப்போது அதற்கு அறிவியலின் பெயரும் சேர்ந்திருக்கும். அதனால் அதை அடையாளம் காண்பதும் கடினமாகும்.

மேல்நாட்டுக் கதை

முதலில் "ஆம்" என்ற விடைக்குரிய சான்றைக் காண்போம். எச்.ஐ.வி. நம் வெள்ளையணுக்களில் ஒரு வகைக்குள் நுழைகிறது. நுழைய வேண்டுமானால் அந்த அணுவின் மேற்பரப்பில் உள்ள சி.டி.4 என்ற புரதத்தையும், அதன் அருகில் உள்ள ஒரு துணைப் புரதத்தையும் அது பற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அந்தத் துணைப் புரதம் சி.சி.ஆர்.5 என்பதாகும்.

சிலருடைய மரபணுவில் இந்தப் புரதத்திற்கான குறிப்பில் 32 எழுத்துகள் விடுபட்டிருப்பதை 1996ஆம் ஆண்டு கண்டுபிடித்தார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தக் குறையுள்ள பிரதியைப் பெற்றவருக்குச் சி.சி.ஆர்.5 அணுவின் மேற்பரப்புக்கு வருவதே இல்லை. எனவே எச்.ஐ.வி.யின் பெரும்பாலான வகைகள் உள்ளே நுழைய வழியில்லாமல் போகிறது. பெர்லின் நகரில் சிகிச்சை பெற்ற திமோதி ரே பிரவுன் என்பவருக்கு, இரத்தப் புற்றுநோய்க்காக, இத்தகைய மரபணு கொண்ட ஒருவரின் குருத்தணுக்களை 2007ஆம் ஆண்டு செலுத்தினார்கள். அவருடைய உடலிலிருந்து எச்.ஐ.வி. மறைந்தே போயிற்று. (2020ஆம் ஆண்டு புற்றுநோய் திரும்பியதால் அவர் காலமானார், எச்.ஐ.வி. திரும்பவில்லை.)

வியப்பான செய்திதான். ஆனால் இதைத் தமிழில் திரும்பத் திரும்ப எழுதுகிறவர்களும் சொல்கிறவர்களும் இரண்டு குறிப்புகளை விட்டுவிடுகிறார்கள். முதலாவது, இந்தத் தடுப்பு முழுமையானது அன்று. வேறொரு துணைப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நுழையும் எச்.ஐ.வி. வகைகளும் உள்ளன. இரண்டாவது குறிப்பு நமக்கு இன்னும் முக்கியமானது. இரு பிரதிகளும் குறையுள்ளவர்கள் வட ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். இந்தியரிடம் இந்த மாற்றம் மிக மிக அரிது. அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ இருந்துகொண்டு இந்த மரபணுவை நம்பியிருப்பது, பொதிகை மலையில் பனிக்கட்டி பெய்யும் என்று காத்திருப்பதைப் போன்றது.

திண்ணையில் வைக்கும் துண்டுகள்

அப்படியானால் நம்மிடையே வேறுபாடே இல்லையா? உண்டு. அது மற்றொரு மரபணுக் கூட்டத்தில் இருக்கிறது. ஆறாவது குரோமோசோமில் உள்ள அந்தக் கூட்டத்திற்கு எச்.எல்.ஏ. என்று பெயர்.

இதன் வேலையைப் புரிந்துகொள்ளக் கல்லிடைக்குறிச்சியின் பழைய தெருக்களில் உள்ள திண்ணை வீடுகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அணுவும் ஒரு வீடு. வீட்டுக்குள் தயாராகும் புரதங்களைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட அந்தத் துண்டுகளைத் திண்ணையில் வைத்துக் காட்டுகிறது அணு. எச்.எல்.ஏ. புரதமே அந்தத் திண்ணை. தெருவில் ரோந்து வரும் காவல் வெள்ளையணுக்கள் திண்ணையைப் பார்த்துக்கொண்டே போகின்றன. வழக்கமான துண்டுகள் இருந்தால் பேசாமல் கடந்துவிடும். வைரஸின் துண்டு ஒன்று இருந்தால் அந்த வீட்டையே இடித்துவிடும். காவல் அணுக்கள் திண்ணையையும் துண்டையும் சேர்த்தே அடையாளம் காண்கின்றன என்பதை 1974ஆம் ஆண்டு கண்டறிந்து சொன்ன சிங்கர்நாகல், டோஹர்டி ஆகிய இருவருக்கும் 1996ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

எல்லார் வீட்டுத் திண்ணையும் ஒரே வடிவில் இல்லை. எச்.எல்.ஏ.வில் ஆயிரக்கணக்கான வகைகள் உள்ளன. ஒரு வகைத் திண்ணையில் பொருந்தும் துண்டு மற்றொன்றில் பொருந்தாது. பி57 என்ற வகையை எடுத்துக்கொள்வோம். எச்.ஐ.வி.யின் உள் உறையாக அமைந்த புரதத்தின் ஒரு துண்டு அதில் நன்றாகப் பொருந்துகிறது. காவல் அணுவின் கண்ணிலிருந்து தப்ப, வைரஸ் அந்தத் துண்டை மாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. மாற்றினால் உறை பலவீனப்பட்டு, வைரஸ் பெருகும் வேகமே குறைகிறது. அப்படி மாறிய வைரஸ், பி57 இல்லாத மற்றொருவருக்குத் தொற்றினால், நாளடைவில் தன் பழைய வடிவத்திற்கே திரும்பிவிடுவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மாற்றம் அதற்குச் சுமையாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2010ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வு, மருந்தில்லாமலே வைரஸைக் கட்டுக்குள் வைத்திருந்த ஏறத்தாழ 1000 பேரையும், நோய் முற்றிய 2600 பேருக்கு மேற்பட்டோரையும் ஒப்பிட்டது. மரபணுத் தொகுதி முழுவதையும் அலசியும், உறுதியாகத் தென்பட்ட வேறுபாடுகள் யாவும் எச்.எல்.ஏ. இருக்கும் பகுதியிலேயே இருந்தன. அவற்றுள் தலையாயவை, துண்டு வந்து அமரும் பள்ளத்தின் வடிவத்தை மாற்றும் ஒரு சில அமினோ அமிலங்கள்.

இதில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். இவர்கள் அனைவரும் தொற்று ஏற்பட்டவர்கள். பி57 வைரஸை வாசலில் தடுக்கவில்லை. உள்ளே வந்த பின்பு அதன் வேகத்தைக் குறைக்கிறது. தொற்றைத் தடுப்பது வேறு, தொற்றிய பின் நோயின் போக்கை மாற்றுவது வேறு. இரண்டையும் "எதிர்ப்பு" என்ற ஒரே சொல்லால் குறிப்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது.

நம் மாநிலத்து ஆய்வு

இனி நம் வீட்டுக்கு வருவோம். சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையம் (2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) உலகறிந்த நிறுவனம். அங்கு பி. செல்வராஜ், சௌமியா சுவாமிநாதன் ஆகியோர் அடங்கிய குழு தென்னிந்தியரிடையே எச்.எல்.ஏ. வகைகளை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டு ஓர் ஆய்வுரையை வெளியிட்டது. எச்.எல்.ஏ.-ஏ11 என்ற வகை எச்.ஐ.வி.க்கும், எச்.ஐ.வி.யோடு சேர்ந்த காசநோய்க்கும் எதிர்ப்போடு தொடர்புடையது. பி40 என்ற வகை அவற்றிற்கு எளிதில் ஆட்படுவதோடு தொடர்புடையது என்பது அதன் முடிவு.

இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மேல்நாட்டு மரபணுக் கதையை அப்படியே ஒப்பிக்காமல், "நம் மக்களிடம் என்ன இருக்கிறது?" என்று அது கேட்டது. இங்கே பரவலாக இருப்பது எச்.ஐ.வி.யின் சி வகை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நெடுங்காலம் ஆராயப்பட்டது பி வகை. வைரஸும் வேறு, மனிதரின் எச்.எல்.ஏ. வகைகளும் வேறு என்னும்போது, அங்குள்ள விடையை இங்கு இறக்குமதி செய்ய முடியாது. மேலும், எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பெரிதும் கொல்வது காசநோய். இரண்டையும் சேர்த்துப் பார்த்தது இந்நாட்டு அனுபவத்திலிருந்து பிறந்த அறிவு.

ஆனால் மதிப்பது வேறு. கேள்வி கேட்காமல் ஏற்பது வேறு. "ஏ11 எதிர்ப்பு, பி40 ஆட்படுதல்" என்ற வரியைப் படித்துவிட்டு, "ஏ11 இருப்பவருக்கு எய்ட்ஸ் வராது" என்று யாராவது சொன்னால் அது ஆய்வின் முடிவு ஆகாது. ஆய்வாளர்கள் எழுதிய சொல் "தொடர்பு". அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை தரலாம்? இவ்வகை ஆய்வு எதைப் படித்தாலும் வாசகர் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை முன்வைக்கிறேன்.

நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: தொற்று இல்லாதவர் என்று எண்ணப்பட்டவர், தொற்றுக்கு ஆளாகும் வாய்ப்பைச் சந்தித்தவர்தானா? மழையில் நனையாமல் இருப்பவரிடம் குடை இருந்திருக்கலாம். அவர் வெளியே போகாமலும் இருந்திருக்கலாம். வீட்டில் இருந்தவரின் சட்டை உலர்ந்திருப்பதைக் கண்டு, அந்தத் துணிக்கு மழையைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்று முடிவு கட்டக் கூடாது.

இரண்டாம் கேள்வி: எத்தனை வகைகளைச் சோதித்தார்கள்? இருபதில் ஒரு முறை தற்செயலாக நேரக்கூடிய வேறுபாட்டைப் "பொருளுடையது" என்று கொள்வது வழக்கம். ஒரே ஒரு வகையைச் சோதித்தால் இந்த அளவுகோல் போதும். ஒன்றையொன்று சாராத 20 வகைகளைச் சோதித்தால், ஒன்றாவது தற்செயலாகவே தேறிவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. மாணவர்கள் 0.95ஐ இருபது முறை தன்னைத்தானே பெருக்கி, ஒன்றிலிருந்து கழித்துப் பார்க்கலாம். எச்.எல்.ஏ.வில் சோதிக்கத்தக்க வகைகள் பல. எனவே இந்தத் துறையில் அளவுகோலைக் கடுமையாக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் கேள்வி: நோயுற்றவர்களும் ஒப்பிடப்பட்டவர்களும் ஒரே மக்கள்தொகையைச் சேர்ந்தவர்களா? நம் நாட்டில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் தத்தம் சமூகத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணம் செய்து வந்திருக்கிறார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழும் சமூகங்களிடையேகூட எச்.எல்.ஏ. வகைகளின் விகிதம் வேறுபடுகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர். எம். பிச்சப்பன் குழுவினர் தென்மாவட்ட மக்களிடையே நடத்திய ஆய்வுகள் இதைக் காட்டியுள்ளன. தொற்று, தொழிலையும் ஊரையும் வறுமையையும் பொறுத்து ஒரு சமூகத்தில் கூடுதலாக இருந்தால், அந்தச் சமூகத்தில் மிகுந்துள்ள எச்.எல்.ஏ. வகை எதுவும் "ஆட்படுத்தும் வகை" போலத் தோன்றும். உண்மையில் ஆட்படுத்தியது மரபணு அன்று, வாழ்க்கை நிலை.

நான்காம் கேள்வி: யார் எண்ணப்பட்டார்கள், யார் விடுபட்டார்கள்? நோய் விரைவாக முற்றியவர்கள் ஆய்வுக்கு வருமுன்பே இறந்திருக்கலாம். நெடுநாள் வாழ்ந்தவர்களே மருத்துவமனையில் எண்ணிக்கைக்குக் கிடைப்பார்கள். ஆகவே ஆயுளைக் கூட்டும் வகை, நோயாளிகளிடையே மிகுதியாகத் தெரிந்து, நோயைத் தருவது போலத் தோற்றம் காட்டவும் கூடும்.

இவை வெறும் ஐயங்கள் அல்ல. 2013ஆம் ஆண்டு, ஐரோப்பிய வழியினரில் தொற்றுள்ள 6300 பேரையும் ஏறத்தாழ 7200 பிறரையும் ஒப்பிட்ட மாபெரும் ஆய்வு ஒன்று, தொற்றைத் தடுக்கும் பொதுவான மரபணு வேறுபாடுகளைத் தேடியது. உறுதியாக நின்றது முன்பு கண்ட சி.சி.ஆர்.5 குறை ஒன்றே. நோயின் போக்கை மாற்றுவதில் அவ்வளவு பேர் பெற்ற எச்.எல்.ஏ., தொற்றைத் தடுப்பதில் அத்தகைய சான்று எதையும் தரவில்லை. தென்னிந்தியரிடம் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ஒப்பிட்டுப் பார்த்த பின்பே ஏ11, பி40 ஆகியவற்றின் மேல் உறுதியான தீர்ப்பு எழுத முடியும்.

மீண்டும் அளந்தபோது மறைந்தது

புகழ்பெற்ற ஆய்விதழில் வந்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். 2005ஆம் ஆண்டு "சயன்ஸ்" இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. சி.சி.எல்.3எல்.1 என்ற நோய் எதிர்ப்பு மரபணு ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு எண்ணிக்கைப் பிரதிகளில் இருக்கிறது. பிரதிகள் குறைவாக உள்ளவருக்கு எச்.ஐ.வி. எளிதில் தொற்றுகிறது என்றது அது. செய்தி உலகெங்கும் பரவியது. 2009ஆம் ஆண்டு வேறு குழுக்கள் பெரிய எண்ணிக்கையினரிடம் அளந்து பார்த்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. பிரதிகளை எண்ணும் முறையிலேயே பிழை மிகுதி என்பதும் விவாதத்துக்கு வந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்து மொழியில் சொன்னால், அளவுகோலின் கோடுகளைவிட நுட்பமான அளவை அதிலிருந்து வாசிக்க முயன்றதைப் போன்ற நிலை. முதல் செய்தியைப் படித்தவர்கள் அனேகர்; மறுப்பைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

நெல் ரகம் சொல்லும் பாடம்

தாமிரபரணிக் கரை விவசாயிக்கு இந்த "எதிர்ப்பு" என்ற சொல் நம்மைவிட நன்றாகப் புரியும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய ஏ.எஸ்.டி. ரகங்கள் இவ்வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்தவை. ஒரு ரகம் நோயைத் தாங்கும் என்று விதை விற்பவர் சொன்னால், விவசாயி அடுத்த கேள்வியைக் கேட்பார்: "எந்த நோயை? எத்தனை பருவத்துக்கு?" குலைநோயைத் தாங்கும் ரகம் வேறொரு பூச்சிக்கு இரையாகலாம் என்பதும், சில ஆண்டுகளில் பூசணமே மாறி வரலாம் என்பதும் அவருக்குத் தெரியும். தாங்கும் ரகம் என்பதற்காக அவர் வயலைப் பார்க்காமல் இருப்பதும் இல்லை.

மனித மரபணுவிலும் கணக்கு இப்படியே. சி.சி.ஆர்.5 குறை எச்.ஐ.வி.யைத் தடுக்கிறது, அதே குறை உள்ளவர்களுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றினால் நோய் கடுமையாகும் அபாயம் கூடுகிறது. எச்.ஐ.வி.யை மட்டுப்படுத்தும் பி27 என்ற வகையே முதுகெலும்பு இறுகும் வாத நோயோடு நெருங்கிய தொடர்புடையது. பி57இன் ஒரு பிரிவு உள்ளவருக்கு அபாகவீர் என்னும் எச்.ஐ.வி. மருந்து கடும் ஒவ்வாமையைத் தரக்கூடும். அதனால்தான் அம்மருந்தைத் தருமுன் அந்த மரபணுவைச் சோதிக்கும் முறை வந்தது. எல்லா நோய்க்கும் நல்லதாக விளங்கும் வகை என்று ஒன்று இல்லை.

1999ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வெவ்வேறு எச்.எல்.ஏ. வகைகளைப் பெற்றவர்களைவிட, இருபுறமும் ஒரே வகையைப் பெற்றவர்களுக்கு எச்.ஐ.வி. நோய் விரைவாக முற்றுவதைக் காட்டியது. திண்ணைகள் பல வடிவில் இருந்தால் துண்டுகளும் பல கண்ணில் படும் அல்லவா? "எங்கள் இரத்தம் கலப்பில்லாதது, ஆகவே வலிமையானது" என்று பெருமை பேசுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எச்.எல்.ஏ. மரபணுக்கள் கற்பிக்கும் பாடம் இதற்கு நேர் எதிரானது.

கால் பங்கும் 96 விழுக்காடும்

இறுதியாக இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

தொற்று ஏற்பட்டபின் ஒருவரது இரத்தத்தில் வைரஸ் எந்த அளவில் நிலைகொள்கிறது என்பது ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். ஐரோப்பிய வழியினர் 6000 பேருக்கு மேல் ஆராய்ந்து 2015ஆம் ஆண்டு வெளியான கணக்குப்படி, அந்த வேறுபாட்டில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் மனித மரபணுவின் பொதுவான வேறுபாடுகள் விளக்குகின்றன. மீதி, வைரஸின் தன்மையிலும் பிற காரணங்களிலும் அடங்கியிருக்கிறது.

இனி மற்றோர் எண். தம்பதியரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத 1763 இணையர்களை ஒன்பது நாடுகளில் ஆராய்ந்தார்கள். சென்னையும் அந்த ஆய்வின் மையங்களில் ஒன்று. தொற்றுள்ளவருக்கு முன்கூட்டியே மருந்து தொடங்கினால், துணைவருக்கு அவரிடமிருந்து தொற்றுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவர், உடலுறவின் மூலம் பிறருக்குத் தொற்றைத் தருவதே இல்லை என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது. இந்த மாத்திரை ஏ11 யாருக்கு, பி40 யாருக்கு என்று கேட்டு வேலை செய்வதில்லை.

மரபணு ஆய்வு வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. பி57 வைரஸின் எந்த இடத்தைப் பிடித்து நெருக்குகிறதோ, அந்த இடத்தைக் குறிவைத்துத் தடுப்பூசி செய்யலாமா என்று இன்று பலர் முயல்கிறார்கள். இவ்வாய்வுகளின் உண்மையான பயன் அங்கே இருக்கிறது. யாரிடம் எந்த வகை என்று பட்டியலிட்டு ஆறுதல் அடைவதில் இல்லை. அந்த வழி போனால் மரபணு அறிக்கை புதிய ஜாதகம் ஆகிவிடும். ஜாதகத்தில் கட்டம் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் எச்சரிக்கையைக் கைவிடுவார். கட்டம் சரியில்லை என்று மற்றொருவர் சிகிச்சையைக் கைவிடுவார். இருவருக்கும் இழப்பு ஒன்றே. 2018ஆம் ஆண்டு சீனாவில் ஹே சியான்குய் என்பவர், சி.சி.ஆர்.5ஐ மாற்றுவதாகச் சொல்லிக் கருவிலேயே மரபணுவைத் திருத்தினார். இயற்கையில் காணும் அந்த 32 எழுத்துக் குறைகூட அக்குழந்தைகளிடம் உருவாகவில்லை. "பாதுகாக்கும் மரபணு" என்ற சொல்லை அளவுக்கு மீறி நம்பினால் மனிதர் எதுவரை போவார் என்பதற்கு அது சான்று. அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

ஆகவே, வாசகரே, அடுத்த முறை யாராவது "எய்ட்ஸ் தாக்காத மரபணு" என்று பேசினால், தொற்றைத் தடுப்பதா, போக்கை மாற்றுவதா என்று கேளுங்கள். எந்த மக்களிடம், எத்தனை பேரிடம் பார்த்தார்கள், மற்றொருவர் மீண்டும் பார்த்தாரா என்றும் கேளுங்கள். தன் உடல்நிலை பற்றி ஐயம் உள்ளவர் செல்ல வேண்டிய இடம், அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையம். அங்கே பரிசோதனை இலவசம். விவரம் வெளியே போகாது. தொற்று இருப்பது தெரிந்தால் ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்தும் இலவசம். 1097 என்ற எண்ணுக்குத் தொலைபேசினால் வழி சொல்வார்கள். தொற்றுள்ளவரைப் பள்ளியிலோ வேலையிலோ மருத்துவமனையிலோ ஒதுக்குவது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டும் உள்ளது.

எந்தத் திண்ணையோடு பிறந்தோம் என்பது நம் கையில் இல்லை. பரிசோதனைக்குப் போவதும், மருந்தைத் தவறாமல் உட்கொள்வதும், பக்கத்து வீட்டுக்காரரை ஒதுக்காமல் இருப்பதும் நம் கையில் இருக்கின்றன.